மூடுவதற்கு முன் எரியவிட்டுப் பார்: 1/350 என்டர்பிரைஸ் கிட்டுக்கு விளக்குப் போடும் முறை

ஸ்டார் டிரெக் ரசிகர்கள் ‘ரீஃபிட்’ என்று சொல்லும் என்டர்பிரைஸ், 1979-ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காகப் புது உருவம் பெற்ற கப்பல். படப்பிடிப்புக்கென்று செய்த மாதிரி ஏறக்குறைய எட்டடி நீளம். விண்மீன்களுக்கு நடுவே போகிற கப்பலுக்குப் பக்கத்தில் சூரியன் ஏது? அது தன் உடம்பின் மேல் தானே விளக்கடித்துக்கொள்ளட்டும் என்பது அந்தப் படத்தின் சிறப்புக் காட்சிகளைக் கவனித்த டக்ளஸ் ட்ரம்புல் பிடித்த வழி. பெயர் எழுதிய இடத்திலும் எஞ்சின்களின் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன ஒளிவட்டங்கள் விழுவது அதனால்தான். இந்தக் கப்பலை விளக்கில்லாமல் கட்டி அலமாரியில் வைத்தால், சீரியல் செட் போடாத திருவிழாத் தேர் மாதிரி நிற்கும்.

போலார் லைட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 1/350 பிளாஸ்டிக் கிட் (கதையில் வரும் கப்பலின் 350-இல் ஒரு பங்கு அளவு) கட்டி முடித்தால் சுமார் 87 செ.மீ. நீளம் வரும். முன்னால் இருக்கும் தட்டு மட்டும் சுமார் 40 செ.மீ. விட்டம். அதிலிருந்து ஒரு கழுத்து இறங்கிக் கீழ் உடலைச் சேரும். கீழ் உடலின் முன்முனையில் இருக்கும் கிண்ணம்தான் டிஃப்ளெக்டர் டிஷ், பின்னால் இரு கைகளின் மேல் நிற்கும் எஞ்சின் குழல்கள்தான் நசெல்கள். ஜன்னல்களுக்கான ஒளிபுகும் பாகங்கள் கிட்டிலேயே உண்டு. உள்ளே கைவிட்டு வேலை செய்ய இடமும் உண்டு. சிறிய அளவுக் கிட்களில் ஜன்னலை நாமே துளையிட வேண்டியிருக்கும். முறை ஒன்றுதான், கைவேலை கூடும்.

சாதாரண கிட்டில் தவறு நேர்ந்தால் புட்டி வைத்துத் தேய்த்துச் சரிக்கட்டிவிடலாம். இதில் முடியாது. தட்டின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒட்டிய பிறகு உள்ளே ஈயம் வைத்து இணைத்த ஒரு சால்டர் விட்டுப்போனால், கப்பலை உடைக்காமல் அதைத் தொட வழியில்லை. கீழே வரும் அத்தனைக்கும் இந்த ஒரே காரணம்தான். பழுதாகக்கூடியதைக் கப்பலுக்குள் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டியதை எரியவிட்டுப் பார்க்காமல் மூடாதீர்கள்.

வயரிங் முதலில் காகிதத்தில்

பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன் மின்சாரக் கணக்கு முடிந்திருக்க வேண்டும். 12 வோல்ட் டி.சி. அடாப்டர்தான் வசதி. மூன்று வெள்ளை எல்.இ.டி.யை வரிசையாகப் போட்டால் அதற்குச் சரியாக இருக்கும், எல்.இ.டி. ஸ்ட்ரிப்பும் அதே வோல்ட்டில் கிடைக்கிறது. 9 வோல்ட் பேட்டரியை நம்ப வேண்டாம், இந்தச் சுமைக்கு அரைமணி நேரம் தாங்குவதே கஷ்டம்.

எல்லா எல்.இ.டி.க்கும் பாசிட்டிவ் ஒன்றே இருக்கட்டும். நெகட்டிவ்களை மட்டும் குழு குழுவாகப் பிரித்து ஸ்டாண்டின் பீடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஜன்னல்கள் ஒரு குழு, சிவப்பு–பச்சை வழிகாட்டி விளக்குகள் ஒன்று, வெட்டி வெட்டி மின்னும் வெள்ளை ஸ்ட்ரோப் ஒன்று, கப்பலின் பெயர் மேல் விழும் ஸ்பாட் விளக்குகள் ஒன்று, டிஃப்ளெக்டர் டிஷ்ஷின் மஞ்சளும் தட்டின் பின்னால் இருக்கும் இம்பல்ஸ் எஞ்சினும் சேர்ந்து ஒன்று, டிஷ்ஷின் நீலமும் நசெல்களின் பக்கவாட்டு கிரில்லும் சேர்ந்து ஒன்று. ஆறு நெகட்டிவ், ஒரு பாசிட்டிவ், மொத்தம் ஏழு வயர். மினுக்கும் சர்க்யூட், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் பீடத்துக்குள். கப்பலுக்குள் எல்.இ.டி., ரெசிஸ்டர், வயர் இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ஏழு வயரை ஒரு குழாய் வழியாக இறக்குவது அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு ஐ.சி. போனால் பீடத்தின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும்.

ரெசிஸ்டர் கணக்கு எளிது: மின்னழுத்தத்தில் எல்.இ.டி.கள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை, ஓட வேண்டிய மின்னோட்டத்தால் வகுக்க வேண்டும். வெள்ளை, நீலம், பச்சை எல்.இ.டி. ஒவ்வொன்றும் சுமார் 3.1 வோல்ட் எடுக்கும். சிவப்பும் மஞ்சளும் சுமார் 2 வோல்ட். மூன்று வெள்ளை வரிசைக்கு 9.3 போக மிச்சம் 2.7 வோல்ட்; 10 மில்லிஆம்பியருக்கு 270 ஓம். இரண்டு சிவப்பு வரிசைக்கு மிச்சம் 8 வோல்ட், கணக்கில் 800 வரும்; கடையில் கிடைக்கும் அடுத்த பெரிய அளவு 820 ஓம். இரண்டு பச்சைக்கு 680 ஓம் போடுங்கள். எல்.இ.டி. 20 மில்லிஆம்பியர் தாங்கும் என்பதற்காக அவ்வளவும் கொடுக்கத் தேவையில்லை. மாதிரிக்குள் 10 தாராளம், சூடும் குறையும்.

எல்.இ.டி.களைப் பக்கவாக்கில் இணைத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எல்.இ.டி.க்கு எல்.இ.டி. மின்னழுத்தம் கொஞ்சம் மாறும். குறைவாக எடுப்பது அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று எரியும், மற்றவை மங்கும். வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜன்னல்களுக்கு ஒரு மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள, மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் மெல்லிய ஸ்ட்ரிப் போதும். மூன்று எல்.இ.டி.க்கு ஒருமுறை, அதாவது 5 செ.மீ.க்கு ஒருமுறை வெட்டலாம். ஒரு துண்டு 20 மில்லிஆம்பியர். தட்டுக்கு 20 துண்டு, கீழ் உடலுக்கு 6 துண்டு என்றால் 520 மில்லிஆம்பியர். இரண்டு நசெல்லுக்கும் நீல ஸ்ட்ரிப் ஆறாறு துண்டு, 240. தனி எல்.இ.டி. வரிசைகளுக்கு ஒரு 80 வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 840 வருகிறது. 2 ஆம்பியர் அடாப்டர் வாங்குங்கள். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஸ்ட்ரிப்பைக் கடைக்காரர் ‘நல்ல வெளிச்சம் சார்’ என்று நீட்டுவார். வேண்டாம். காற்றுப்போக்கில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அந்தச் சூடு தேங்கி, ஸ்ட்ரிப் ஒட்டிய இடத்தில் பாகம் நெளியத் தொடங்கும்.

வயருக்கு மோட்டார் காயில் கட்டும் கடைகளில் எடைக்குக் கிடைக்கும் எனாமல் காப்பர் வயரே சிறந்தது. நசெல்லைத் தாங்கும் மெல்லிய கைகளுக்குள் உறை போட்ட வயர் நுழையாது, இது நுழையும். பொது பாசிட்டிவுக்கும் ஜன்னல் நெகட்டிவுக்கும் 25 எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது அரை மி.மீ.; மற்றதற்கெல்லாம் 30 எஸ்.டபிள்யூ.ஜி. எல்லா வயரும் ஒரே செம்பு நிறத்தில் இருப்பதுதான் தொல்லை. ஒவ்வொன்றின் இரு நுனியிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிடுங்கள். முனையில் எனாமலை பிளேடால் சுரண்டி, ஈயம் பூசிய பிறகே சால்டர் செய்யுங்கள். சுரண்டாமல் வைத்த சால்டர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், மின்சாரம்தான் போகாது.

ஒளியை அடைப்பது

இந்த வேலையில் நேரம் அதிகம் பிடிப்பதும், பலர் அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதுதான். கிட்டின் பிளாஸ்டிக் ஒளியைத் தடுக்காது. உள்ளே ஒரு டார்ச்சை வைத்துப் பாருங்கள், கப்பல் முழுவதும் காகித விளக்குக்கூண்டு போல ஒளிரும். வெளியே பெயின்ட் அடித்தால் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒளியை அடைக்கும் அளவுக்கு வெளியே பெயின்ட் ஏற்றினால் பேனல் கோடுகள் மூழ்கிப்போகும். அடைப்பு உள்பக்கத்தில்தான்.

பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள்; அச்சில் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் உரியும். ஒட்டும் விளிம்புகளில் 3 மி.மீ. அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் இணைக்கிறது. நடுவில் பெயின்ட் இருந்தால் பெயின்டைத்தான் கரைக்கும், இணைப்பு நிற்காது. பிறகு உள்பக்கம் முழுக்க மேட் கறுப்பு மெல்லிய கோட்டாக இரண்டு முறை. அது காய்ந்ததும் மேட் வெள்ளை இரண்டு முறை. கறுப்பு ஒளியை நிறுத்தும். வெள்ளை அதைச் சிதறடித்து அறை முழுக்கப் பரப்பும். கறுப்போடு விட்டுவிட்டால் ஒளி அங்கேயே செத்துவிடும், எல்.இ.டி.யின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க வேண்டிவரும். பிளாஸ்டிக் மெலிந்த இடங்களில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோட் சில்வர் கொடுங்கள். அலுமினியத் துகள் எந்த நிறத்தைக் காட்டிலும் நன்றாக மறைக்கும்.

ஜன்னல் துளையின் உள்விளிம்பை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒரு மி.மீ. சுவரில் பெயின்ட் இல்லையென்றால் ஒளி பக்கவாட்டில் பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, ஜன்னலைச் சுற்றி மங்கலான ஒரு வளையம் தெரியும். மெல்லிய கறுப்பு மார்க்கரால் ஒவ்வொரு துளையின் சுவரையும் சுற்றி வரைந்துவிடுங்கள். நூற்றுக்கு மேல் ஜன்னல். ஒரு முழு மாலை போகும். போகட்டும்.

சோதனை இரவில்தான். அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருந்து, பிறகு பாகத்துக்குள் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை எரியவிடுங்கள். பகலில் தெரியாத ஊசித்துளை எல்லாம் அப்போது தெரியும். வெளியே பென்சிலால் குறியிட்டு, உள்ளே தூரிகையால் அடையுங்கள்.

ஜன்னலும் எல்.இ.டி.யும்

ஒளிபுகும் பாகங்களை அடைப்பு முடிந்த பிறகு உள்ளிருந்து பொருத்துங்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை, மரவேலைக்குப் பயன்படுத்துவதுதான், அதுவே போதும். சூப்பர் குளூவின் ஆவி ஒளிபுகும் பிளாஸ்டிக் மேல் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், பிறகு துடைத்தாலும் போகாது. பின்னால் பட்டர் பேப்பர் ஒரு அடுக்கு ஒட்டினால் எல்.இ.டி.யின் புள்ளி தெரியாமல் ஒளி சீராகப் பரவும்.

எல்லா ஜன்னலும் எரியக்கூடாது. நிஜக் கப்பலில் தூங்குகிறவர்களும் இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு ஜன்னலின் பின்னால் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஒன்று விட்டு ஒன்று என்று ஒட்டாமல், இங்கே நாலு, அங்கே ஒன்று என்று ஒழுங்கில்லாமல். சிலவற்றின் பின்னால் மட்டும் பட்டர் பேப்பரை இரண்டு அடுக்காக்கினால் வெளிச்சத்திலும் ஏற்ற இறக்கம் வரும். ஒரே அளவில் எரியும் நூறு ஜன்னல் பொம்மையைத்தான் நினைவூட்டும். அளவு மாறும்போதுதான் கப்பல் பெரிதாகத் தெரிகிறது.

ஸ்ட்ரிப்பை ஜன்னலுக்கு நேராக ஒட்டாதீர்கள். தட்டின் நடுவில் பிளாஸ்டிக் அட்டையால் 12 செ.மீ. விட்டத்தில் ஒரு வளையம் செய்து, அதன் வெளிச்சுற்றில் ஒரு வரிசை, மிச்சத் துண்டுகள் தட்டின் தரையில் மேல்நோக்கி. ஒளி வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பிப் போய் ஜன்னலைச் சேர வேண்டும். ஜன்னலுக்கும் அருகிலுள்ள எல்.இ.டி.க்கும் நடுவே 4 செ.மீ.யாவது இருந்தால் நல்லது. நிறத்தைப் பொறுத்தவரை ஜன்னலுக்கு வார்ம் வொயிட்டும் ஸ்பாட், ஸ்ட்ரோப் விளக்குகளுக்குக் கூல் வொயிட்டும் நல்ல சேர்க்கை. இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் வெளி விளக்கு எது, அறை விளக்கு எது என்று கண்ணுக்குப் பிரிந்து தெரியாது.

ஸ்ட்ரிப்பின் பின்னால் இருக்கும் ஒட்டுப்பசையை நம்பாதீர்கள், ஒரு கோடைக்கு மேல் நிற்காது. ஹாட் குளூவும் பெயின்ட் மேல் பிடிப்பதில்லை. எபாக்ஸி வையுங்கள். சிலிகான் பயன்படுத்துவதானால் நியூட்ரல் வகையா என்று பார்த்து வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் உலரும்போது அமிலம் விட்டு, மூடிய கூட்டுக்குள் செம்பை அரித்துவிடும்.

டிஃப்ளெக்டர் டிஷ்ஷுக்குத் தனி அறை கட்ட வேண்டும். படத்தில் அது மெதுவாகப் போகும்போது மஞ்சளாகவும் ஒளியையும் மிஞ்சும் வார்ப் வேகத்தில் நீலமாகவும் ஒளிரும். மூன்று மஞ்சள், மூன்று நீலம் எல்.இ.டி.களை ஒன்று மாற்றி ஒன்றாக வட்டமாக வைத்து, தலையை 400 உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கிவிடுங்கள். மஞ்சள் வரிசைக்கு 680 ஓம், நீலத்துக்கு 270. டிஷ்ஷுக்குப் பின்னால் கறுப்படித்த 1 மி.மீ. பிளாஸ்டிக் தட்டி நிறுத்தி, அதன் ஓரங்களை எபாக்ஸி புட்டியால் அடையுங்கள். இல்லையென்றால் கீழ் உடலின் ஜன்னல்களில் எல்லாம் நீலம் கசியும்.

ஸ்பாட் விளக்குக்கு 0603 அளவு எல்.இ.டி. வேண்டும், 1.6 மி.மீ.க்கு 0.8 மி.மீ. தட்டின் மேல் நடுவில் இருக்கும் கட்டளைத்தளக் குமிழின் அடியில் ஒரு சின்னக் குழி குடைந்து, பெயர் எழுதும் பக்கம் பார்க்கச் சாய்த்து உட்காரவைத்து, பின்னால் கறுப்புப் புட்டியால் மறைக்க வேண்டும். இதற்கு வயர் வைத்தே விற்கும் எல்.இ.டி. வாங்கிவிடுங்கள். அந்த அளவில் கையால் சால்டர் செய்து பத்துக்கு நாலு கெடுவதைவிட அது மலிவு.

ஒளியைக் கடத்தும் மெல்லிய இழையான ஃபைபர் ஆப்டிக் தேவைப்படும் இடம் இந்த அளவில் குறைவுதான். சிறிய கிட்டில் அதுவே முக்கியம். 0.5 அல்லது 0.75 மி.மீ. இழை, துளை அதைவிட ஒரு நூல் பெரிது. வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். வளைத்த நிலையில் சூப்பர் குளூ பட்டால் அக்ரிலிக் இழை அங்கேயே வெடித்து முறியும். கற்றையை எல்.இ.டி.யோடு சேர்க்கும் இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடாக்கிச் சுருக்கவும் கூடாது, இழை உருகும். கறுப்பு டேப் சுற்றினால் போதும்.

மினுக்கும் சர்க்யூட்

மைக்ரோகன்ட்ரோலர் போடலாம்தான், ஆனால் இரண்டு விளக்கு மினுக்க அது தேவையில்லை. 555 என்னும் டைமர் ஐ.சி. இரண்டு வாங்கினால் வேலை முடிந்தது. 8-ஆம் காலும் 4-ஆம் காலும் பாசிட்டிவுக்கு, 1-ஆம் கால் நெகட்டிவுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே முதல் ரெசிஸ்டர். 7-க்கும் 6-க்கும் நடுவே இரண்டாவது. 6-ஐயும் 2-ஐயும் இணைத்து அங்கிருந்து நெகட்டிவுக்கு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர். 5-ஆம் காலில் இருந்து நெகட்டிவுக்கு 0.01 மைக்ரோஃபாரட், 8-க்கும் 1-க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட். எல்.இ.டி. வரிசைகளைப் பாசிட்டிவுக்கும் 3-ஆம் காலுக்கும் நடுவே, ரெசிஸ்டரோடு சேர்த்து இணைத்தால், 3-ஆம் கால் தாழும்போது எரியும். நம் பொது பாசிட்டிவ் திட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

வழிகாட்டி விளக்குக்கு முதல் ரெசிஸ்டர் 10 கிலோஓம், இரண்டாவது 68 கிலோஓம் போட்டால் நொடிக்கு ஒரு மினுக்கு, ஏறக்குறைய பாதி நேரம் எரியும், பாதி நேரம் அணையும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கப்பலின் வால் பக்கம் நின்று முன்னோக்கிப் பார்த்து இடம் வலம் சொல்ல வேண்டும், முகத்தைப் பார்த்தல்ல. ஸ்ட்ரோப்புக்கு முதலாவது 120 கிலோஓம், இரண்டாவது 6.8 கிலோஓம். எரியும் நேரம் 0.693-ஐ இரண்டாவது ரெசிஸ்டராலும் கபாசிட்டராலும் பெருக்கினால் வருவது, இங்கே 0.047 நொடி. சுளீரென்று ஒரு வெட்டு, பிறகு கிட்டத்தட்ட ஒரு நொடி இருட்டு. இது அரை நொடி எரிந்து அரை நொடி அணைந்தால் கல்யாண மண்டப வாசல் அலங்காரம் ஆகிவிடும். ஸ்ட்ரோப் வரிசைக்கு மட்டும் 150 ஓம் போட்டு முழு வெளிச்சம் கொடுங்கள்; எரிவது கொஞ்ச நேரம்தானே.

மஞ்சள் குழு, நீலக் குழு இரண்டின் நெகட்டிவையும் ஒரு இருவழி சுவிட்சின் இரு ஓரக் கால்களில் கொடுத்து, நடுக்காலை நெகட்டிவுக்கு இணையுங்கள். ஒரு தட்டு தட்டினால் கப்பல் வார்ப் வேகத்துக்குப் போகும்.

மூடும் நாள்

மூடுவதற்கு முன் கப்பல் முழுவதையும் திறந்தபடியே மேசையில் பரப்பி, 24 மணி நேரம் தொடர்ந்து எரியவிடுங்கள். சரியில்லாத சால்டர் சூடேறிக் குளிரும்போதுதான் விலகும். பத்து நிமிடச் சோதனையில் தப்பிவிடும். ஒவ்வொரு குழுவின் மின்னோட்டத்தையும் மல்டிமீட்டரில் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு மறுபடி அளக்கும்போது ஒரு குழுவில் 10 மில்லிஆம்பியரோ அதற்கு மேலோ குறைந்தால் ஒரு வரிசை போய்விட்டது என்று பொருள். பசை காய்வதற்குள் தெரிந்தால் திறந்துவிடலாம்.

வயர்களை இழுத்துக் கட்டாதீர்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பத்து செ.மீ. உபரி விட்டுச் சுருட்டி வையுங்கள். கழுத்தும் நசெல் கைகளும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் விளிம்பு கூர்மையாக இருக்கும், அங்கே எனாமல் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆகும். விளிம்பை உப்புத்தாளால் மழுக்கி, வயருக்கு ஒரு துண்டு ஸ்லீவ் போடுங்கள். ஒளியை அடைக்க அலுமினிய டேப் ஒட்டியிருந்தால், அதுவும் மின்சாரம் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள். திறந்த சால்டர் எதுவும் அதைத் தொடக்கூடாது.

விளிம்பு இணைப்பில் ஒளி கசியாமல் இருக்க, ஒரு பாதியின் உள்சுற்றில் கறுப்படித்த அரை மி.மீ. பிளாஸ்டிக் பட்டையைப் பாதி வெளியே நீட்டியபடி ஒட்டுங்கள். மற்றப் பாதி அதன்மேல் டிபன் டப்பா மூடி போல உட்காரும். மெல்லிய பசையை இணைப்பின் மேல் தூரிகையால் தொட்டால் தானே உள்ளே ஓடும். கொஞ்சம் கொஞ்சமாக, பத்து செ.மீ.க்கு ஒருமுறை. நிறைய விட்டால் உள்ளே வழிந்து ஜன்னலைக் கெடுக்கும். ஸ்டாண்ட் குழாய் வரும் துளையை இரண்டு நாள் திறந்தே வையுங்கள், பசையின் ஆவி வெளியேற வேண்டும்.

நசெல்கள் கனமானவை, கை மெல்லியது. பிளாஸ்டிக் பசையோடு நிற்காமல் 2 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை ஊடே செலுத்தி எபாக்ஸி வையுங்கள். இரண்டும் இணையாக நிற்கிறதா என்று பார்க்க அட்டையில் ஓர் அச்சு வெட்டி, பசை இறுகும்வரை அதில் சாய்த்து வைப்பதே நம்பகமானது. கண்ணளவில் சரியாக இருந்தது, மறுநாள் காலையில் ஒன்று தாழ்ந்திருக்கும்.

பெயின்ட்

ஜன்னல்களை முதலில் மறைக்க வேண்டும். மாஸ்கிங் திரவத்தைக் குச்சி நுனியால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சொட்டு வையுங்கள். இணைப்புகளுக்குப் புட்டி வைத்து 400, 600, 1000 என்று உப்புத்தாள் ஏற்றிக்கொண்டே போய்த் தேய்த்த பிறகு சாம்பல் நிற பிரைமர். பிரைமர் அடித்ததும் இன்னொரு முறை இருட்டில் எரியவிட்டுப் பாருங்கள். இணைப்பில் மிச்சமிருக்கும் கசிவை அடைக்க இதுவே கடைசி வாய்ப்பு.

படப்பிடிப்பு மாதிரிக்கு பெயின்ட் அடித்த பால் ஓல்சன், வெள்ளையின் மேல் நீலம், பச்சை, சிவப்பு, பொன்னிற முத்துச்சாய லேக்கர்களால் பேனல் பேனலாக அடித்தார். ‘ஆஸ்டெக்’ என்று மாடல் கட்டுபவர்கள் சொல்லும் அலங்காரம் இதுதான். நேராகப் பார்த்தால் வெள்ளை. சாய்த்துப் பார்த்தால் பட்டுப்புடவை போல நிறம் ஓடும். இதைச் சாம்பல் நிறங்களால் அடிப்பவர்கள் உண்டு. எளிதுதான், ஆனால் எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி தெரிகிற சதுரங்கப் பலகை ஆகிவிடும்.

வெள்ளை அடிப்பூச்சு முழுக்க உலர்ந்த பிறகு, கிட்டுக்கென்றே வெட்டி விற்கும் மாஸ்க்குகளை ஒட்டி, ஒரு நிறத்துக்கு ஒரு சுற்று என்று முத்துச்சாயம் அடியுங்கள். ஏர்பிரஷ்ஷில் 0.2 மி.மீ. நாசில் அடைத்துக்கொள்ளும், அந்தத் துகள் பெரியது; 0.4 போடுங்கள். காற்றழுத்தம் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. துகள் அடியில் தங்கிவிடுவதால் கப்பை அடிக்கடி கலக்க வேண்டும், இல்லையென்றால் தட்டின் முதல் கால்பகுதி மின்னும், கடைசிக் கால்பகுதி வெறும் பால் நிறத்தில் இருக்கும். இரண்டு மெல்லிய பூச்சு, அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மழைக்காலத்தில், கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் ஏறிய நாளில் லேக்கர் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, பெயின்ட் வெளிறிப் பூத்துவிடும். வெயில் வந்து ஈரம் இறங்கிய நண்பகல் நேரமே நல்லது.

டீக்கால், அதாவது எழுத்தும் கோடும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டும் முன் பளபளப்பான கிளாஸ் கோட் அவசியம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்றுத் தங்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும், ஸ்பாட் விளக்கு நேராக அதன்மேல்தான் விழப்போகிறது. கடைசியில் செமி கிளாஸ். முழு மேட் அடித்தால் முத்துச்சாயம் செத்துவிடும். பிறகு ஜன்னல் மாஸ்க்கை மரக்குச்சியால் நெம்பி எடுங்கள்.

ஸ்டாண்டுக்கு 8 மி.மீ. வெளிவிட்டப் பித்தளைக் குழாய் பொருத்தம், உள்ளே 6 மி.மீ. இருக்கும். இரு முனைகளையும் அரத்தால் மழுக்கி, வயர்களை ஸ்லீவில் சேர்த்து இறக்குங்கள். அடியில் ஏழு பின் கனெக்டர் வைத்துவிட்டால் பீடத்தில் இருந்து கப்பலைக் குழாயோடு கழற்றி எடுத்துச்செல்லலாம். பீடத்தில் 5.5 மி.மீ. டி.சி. ஜாக், அடுத்ததாக 1.5 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கடுத்து சுவிட்சுகள்.

ஜன்னல் நெகட்டிவில் ஒரு பி.டபிள்யூ.எம். டிம்மரும் போடுங்கள், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து எரித்து வெளிச்சத்தைக் குறைக்கும் வகை. இருட்டறையில் அழகாக இருந்த வெளிச்சம் பகலில் தெரியாது. பகலுக்கு வைத்தது இரவில் ஜன்னல் ஓரங்களை விழுங்கிவிடும். போட்டோ எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது டிம்மரின் துடிப்பு. ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்குக் குறைத்துப் பாருங்கள், அல்லது டிம்மரை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு கேமராவில் வெளிச்சத்தைக் குறையுங்கள்.